தடை எண் ஏழு

சில்லோடையைச் சீரமைப்பது பற்றி மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஓடைக்கரையில் குடியிருப்பவர்களைத் தவிர மற்ற எல்லோரும் வந்திருந்தார்கள்.

இதில் யாருடைய சதியும் இல்லை. ஓடைக்கரையில் நூற்றுச் சொச்சம் வீடுகள். முக்கால்வாசி வீடுகளில் பெண்கள் விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். திரும்பி வருவதற்குள் தெருவிளக்கு எரிந்துவிடும். காலை பதினோரு மணிக்கு அந்தத் தெருக்களில் இருப்பவை ஆடுகள் மட்டும்தான். ஆடுகள் கருத்துச் சொல்வதற்கான படிவம் எங்களிடம் இல்லை.

வந்தவர்கள் பட்டாம்பூச்சிப் பூங்கா கேட்டார்கள். யோகா மேடை கேட்டார்கள். ஓய்வுபெற்ற ஒருவர் படகு விடலாம் என்றார். ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் என்று யாரும் நினைவுபடுத்தவில்லை. கையில் மிக்சர் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வது மரியாதையாக இருக்காது.

எனக்கு அந்தத் திட்டத்தில் ஆறு மாத ஒப்பந்த வேலை. சிவில் படித்துவிட்டு ஒரு வருடம் சும்மா இருந்த பிறகு கிடைத்தது. பசுங்கரை ஆலோசனை நிறுவனம் என்று சென்னையிலிருந்து வந்தவர்கள், ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில் அறை எடுத்து அலுவலகம் போட்டிருந்தார்கள். என் பதவியின் பெயர் கள ஒருங்கிணைப்பாளர். டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓடையோரம் நடப்பது, ஓடைக்குள் என்னென்ன கிடக்கிறது என்று எழுதுவது, மீதி நேரத்தில் ஜெராக்ஸ் எடுப்பது ஆகியவற்றை ஒருங்கிணைத்தேன்.

ஓடைக்குள் எல்லாம் கிடந்தது. மலையிலிருந்து இறங்கும்போது அது தண்ணீராகத்தான் இறங்குகிறது. ஊருக்குள் நுழைந்ததும் மனம் மாறிவிடுகிறது. கடைசியில் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளின் பின்பக்கமாகப் போகும்போது, ஏலக்காயைச் சலித்துக் கொட்டிய தூசியும் தொலியும் சேர்ந்துகொள்ளும். ஏலக்காய் மணக்கும் சாக்கடை உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆறு மாதத்தில் எனக்குப் பாயசம் பிடிக்காமல் போனது.

நீரோட்டத்துக்கு இடைஞ்சலாகக் கிடந்தவற்றுக்கு நான் வரிசை எண் போட்டேன். மொத்தம் முப்பத்தொன்று. ஏழாவது, மேற்குக்கரையில் ஒரு சந்தின் முனையில் இருந்தது. புயலில் சாய்ந்த பழைய சிமெண்டு மின்கம்பம் ஒன்றை யாரோ இரண்டு கரைக்கும் குறுக்கே போட்டு வைத்திருந்தார்கள். நல்ல வெயில். தாகம். நின்று யோசிக்கவில்லை. ‘தடை எண் 7: கான்கிரீட் பொருள், நீளம் எட்டு மீட்டர், அகற்றப்படும்’ என்று எழுதிவிட்டு எட்டாவதைப் பார்க்கப் போனேன். எட்டாவது ஒரு சோபா.

கூட்டம் முடிந்த மறுநாள் திட்ட அலுவலர் விஜயபாண்டி என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. மூன்று ஊர்களில் மூன்று ஓடைகள் அவர் தலையில் இருந்தன. சர்க்கரை நோய் இருந்தது. ஒவ்வொரு வாரமும் மூன்று ஊர்களுக்கும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார். சில நேரம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். நிதி கொடுப்பவர்களின் விதிப்படி ஓடைக்கரையில் குடியிருக்கும் அறுபது பேராவது படிவம் நிரப்பியிருக்க வேண்டுமாம். கூட்டத்துக்கு வந்தவர்களில் கரையில் குடியிருப்பவர் ஒருவர்கூட இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவர் கையை விரித்தார். நான் படிவக்கட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நான்கு நாட்கள் பகலில் போய் நாற்பது பூட்டுகளைப் பார்த்தேன். பிறகு இரண்டு நாட்கள் பொழுது சாய்ந்த பிறகு போனேன். கதவுகள் திறந்திருந்தன. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு என்னைத் திட்டவும் தெம்பு இல்லை. உலை கொதிக்கும், பிள்ளை அழும், நான் இருபத்திரண்டு கேள்விகளை வாசிப்பேன். ஒரு பெண் நாலாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். மீதி பதினெட்டுக்கும் ‘ஆம்’ என்று நானே போட்டுக்கொண்டேன். அப்படி இப்படி நாற்பத்து நான்கு படிவங்கள் சேர்ந்தன. வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் பாக்கி.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த சாதிக் அந்த ஓடைக்கரைப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டுகிறான். அவனிடம் கேட்டேன்.

“கருத்துக் கேக்குறதுக்கெல்லாம் ஜீப்புல சீட்டு கெடையாது மாப்ளே. பின்னாடி தொங்கிக்கிட்டே கேக்குறதா இருந்தா வா” என்றான்.

காலை ஐந்தேகாலுக்குக் கிழக்குக்கரை டீக்கடையிலிருந்து ஜீப்பு கிளம்பியது. முன்னால் சாதிக்கும், அவன் பக்கத்தில் கங்காணி கன்னையனும். தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோவது கன்னையனின் வேலை. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் அவர் மடியில் இருக்கும் நீளநோட்டில் இருக்கும். பின்னால் பதினேழு பெண்கள். அவர்களுடைய தூக்குச்சட்டிகள், இடுப்பில் கட்டும் படுதாக்கள். பிறகு மக்கள் பங்கேற்பு என்ற வகையில் நான், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

விளிம்பில் உட்கார்ந்திருந்த பெண் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்க்கக்கூட இல்லை. சாமான் விழுந்துவிடாமல் பிடிப்பதுபோலப் பிடித்தாள். பொன்னுமணி என்று மற்றவர்கள் கூப்பிட்டதிலிருந்து பெயர் தெரிந்தது.

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் நான் கேள்விகளைத் தொடங்கினேன். ஓடைக்கரையில் காலை நடைப்பயிற்சி செய்ய விரும்புகிறீர்களா என்று மூன்றாவது வளைவில் கேட்டேன்.

“நாள் முச்சூடும் மலையில ஏறி எறங்கிட்டு, பெறகு ஓடையிலயும் நடக்கணுமாக்கும்” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

“நடக்குறோம்னு எழுதிக்க தம்பி. சம்பளம் எம்புட்டுன்னு மட்டும் கேட்டுச் சொல்லு” என்றது இன்னொன்று.

பட்டாம்பூச்சிப் பூங்கா பற்றிக் கேட்டபோது பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். ஏழாவது வளைவில் பொன்னுமணி வாயைத் திறந்தாள்.

“எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு போஸ்ட்டு கெடக்குல்ல. அத என்ன செய்யப் போறீக?”

படிவத்தோடு திட்டச் சுருக்கத்தையும் கொண்டுபோயிருந்தேன். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் செல்போன் வெளிச்சத்தில் பார்ப்பதுபோல் செய்தேன்.

“எடுத்துருவாங்க. ரெண்டு பக்கமும் நெஞ்சு ஒசரத்துக்குக் கம்பிவேலி வரும்.”

“யாரு அப்படி எழுதுனது?”

“ஆபீஸ்ல எழுதியிருக்காங்க” என்றேன். பெல்ட்டிலிருந்து அவள் கையை எடுத்துவிட்டால் என் கதி என்னவென்று அப்போது கொஞ்சம் யோசித்தேன்.

அவள் எடுக்கவில்லை. நிதானமாகக் கணக்குச் சொன்னாள். அவள் வீடு மேற்குக்கரை, ஜீப்பு நிற்பது கிழக்குக்கரை. போஸ்ட்டு வழியாக வந்தால் நாற்பது எட்டு வைத்தால் போதும். அது இல்லாவிட்டால், சாக்கடைச் சேற்றில் கால் வைக்க முடியாது, மெயின் ரோட்டுப் பாலம்வரை போய்ச் சுற்றி வர வேண்டும். அரை மணி நேரம். குழாயில் தண்ணீர் வருவதே நாலரைக்கு. பிடித்து வைத்து, சோறு பொங்கி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால் ஐந்து பத்து ஆகிவிடும்.

முன்னாலிருந்து கன்னையன் திரும்பாமலே சொன்னார். “அஞ்சேகாலுக்கு மேல வண்டி நிக்காது தம்பி. ரெண்டு நா தாமசிச்சா எடம் போயிரும். இந்த ஒரு எடத்துக்கு மூணு பேரு காத்துக்கிட்டு இருக்காளுக.” மலையாளத் தோட்டங்களில் முப்பது வருடம் இருந்த மனிதர். தாமதமாகும் இடத்தில் அவருக்குத் தாமசம்தான் வரும்.

“எழுதிக்கங்க தம்பி” என்றாள் பொன்னுமணி. “வேலி போடட்டும், பூங்கா போடட்டும், என்னத்தையும் போடட்டும். எனக்குக் கடக்குறதுக்கு அந்தப் போஸ்ட்டு வேணும். அதுக்கு எவுககிட்ட நிக்கணுமோ நிக்கிறேன்.”

அவளுடைய படிவத்தின் பின்பக்கத்தில் ஆட்சேபணை என்று தலைப்புப் போட்டு, அவள் சொன்னதை எழுதினேன். அந்த ஆறு மாதத்தில் நான் எழுதியவற்றில் ஒரு மனிதர் உண்மையாகவே சொன்னது அது ஒன்றுதான்.

போடிமெட்டில் டீக்கு நின்றபோது படிவங்களில் பெயரும் முகவரியும் நிரப்ப வேண்டியிருந்தது. கண்ணில் தூக்கம், கையில் சுடுடீ, வெளியே பனி. ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்பதற்குப் பதில் கன்னையனின் நோட்டைத் திறக்கச் சொன்னேன். அவர் வரிசையாக வாசித்தார், நான் தலை நிமிராமல் எழுதினேன், பெண்கள் வரிசையாகக் கையெழுத்தும் கைநாட்டும் போட்டார்கள். பதினேழு. நாற்பத்து நான்கும் பதினேழும் அறுபத்தொன்று. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

நோட்டைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊரில் பிறந்தவன்தான். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து யாரும் தோட்டத்துக்குப் போனதில்லை. ஜீப்பு நோட்டில் பெயர் என்பது ஆளைக் குறிப்பதில்லை, இடத்தைக் குறிப்பது. ஒரு பெயர் ஒருமுறை ஏறிவிட்டால் இறங்காது. அந்தப் பெண்ணுக்கு முடியாமல் போனால் அவள் தங்கையோ நாத்தனாரோ அதே பெயரில் ஏறிக்கொள்வாள். இடம் குடும்பத்தைவிட்டுப் போகாது. பொன்னுமணி ஏறியது நாத்தனார் கற்பகத்தின் இடத்தில். கற்பகத்துக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் ‘கற்பகம்’ என்று கன்னையன் கூப்பிட்டால் பொன்னுமணிதான் ‘இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். படிவம் நிரப்பும்போதும் அப்படியே சொன்னாள். கையெழுத்தும் அப்படியே போட்டாள். பெயரை யார் கேட்டாலும் ஜீப்பில் அதுதான் பெயர்.

கற்பகத்தின் வீடு மேலத்தெரு. ஓடைக்கும் மேலத்தெருவுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஆட்சேபணை விசாரணை அடுத்த திங்கட்கிழமை, அதே மண்டபம், அதே பதினோரு மணி. ஆட்சேபித்தவர்கள் நேரில் வர வேண்டும். மொத்தம் வந்திருந்த ஆட்சேபணைகள் நான்கு. மூன்று, பட்டாம்பூச்சிப் பூங்காவுக்கு யார் பெயர் வைப்பது என்பது பற்றி. அந்த மூவரும் முன்வரிசையில் உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொன்னுமணி கடைசி வரிசையில் இருந்தாள். ஒரு நாள் வேலையை விட்டு வந்திருந்தாள். தோட்டத்துக்கு உடுத்தாத சேலை.

விஜயபாண்டி பட்டியலைப் பார்த்து வாசித்தார். “கற்பகம்.”

“இருக்கேன்” என்று பொன்னுமணி எழுந்து நின்றாள்.

அவர் முகவரியைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். திரும்ப முகவரியைப் பார்த்தார். “மேலத்தெருவுல இருக்கீங்க. ஓடைக்கரையில இல்லையேம்மா. உங்களுக்கு இதுல பாதிப்பு என்ன?”

“எங்க வீடு ஓடைக்கரைதான் சார். மேலத்தெரு கற்பகத்துக்கு.”

“நீங்கதானே கற்பகம்?”

“ஜீப்புலதான் சார் கற்பகம். வீட்டுல பொன்னுமணி.”

முன்வரிசையில் மிக்சர் சத்தம் நின்றது. விஜயபாண்டி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, கோபமே இல்லாமல், பொன்னுமணி என்ற பெயரில் ஆட்சேபணை எதுவும் வரவில்லை, கடைசி நாள் வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது, கற்பகம் கரைவாசி அல்ல என்று விளக்கினார். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது.

நான் எழுந்து அவர் காதருகே போய், அது என் தப்பு, நோட்டைப் பார்த்து நான்தான் எழுதினேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூன்று ஊரின் பஸ் தூசியும் இருந்தது.

“இந்தப் பதினேழுல இன்னும் எத்தன பேரு இப்படி?” என்றார் மெதுவாக.

பட்டியலில் பொன்னுமணி என்ற பெயர் இல்லாததைப் பார்த்து, முந்தின நாள்தான் சாதிக்கிடம் விசாரித்திருந்தேன். ஆறு பேர். ஒருத்தி திருப்பூரில் இருக்கிறாள். ஒருத்தி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவள் காலை நடைப்பயிற்சியில் மிகுந்த ஆர்வம் இருப்பதாகக் கைநாட்டு வைத்திருந்தாள்.

“ஒண்ணத் தப்புன்னு எழுதுனா எல்லாத்தையும் எடுக்கணும். எடுத்தா அறுபது இல்ல. திட்டம் திரும்பி வந்துரும். முதல்லேர்ந்து தொடங்கணும்” என்றார். அந்த ‘முதல்லேர்ந்து’ என்ற சொல்லைச் சொல்லும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். ‘நிராகரிக்கப்பட்டது’ என்று அவர் எழுதினார்.

பொன்னுமணி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வெளியே போகும்போது என் பக்கத்தில் நின்றாள்.

“போஸ்ட்ட எடுக்கணும்னு ஆபீஸ்லதான எழுதுனாக? நீங்க எழுதலயில்ல?”

“நான்தான் எழுதுனேன்” என்றேன். “தடைன்னு எழுதுனதும் நான்தான்.”

என் பெல்ட்டைப் பார்த்தாள். “வளைவுல கைய விட்டுருக்கலாம் போல” என்றாள். சிரிக்கவில்லை. மண்டப வாசலில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டம்ளர் வாங்கி, நின்றபடியே குடித்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் இறுதிக் களச் சரிபார்ப்பு. அறிக்கையை அனுப்புவதற்கு முன் திட்ட அலுவலர் இரண்டு கரைகளையும் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வழித்திட்டம் போடுவது என் பொறுப்பு. எனக்கு அதிகாரம் என்று இருந்தது அந்த ஒரு தாள்தான். நேர்மையாகவே போட்டேன். தடைகள் வரிசை எண்படி. ஒற்றைப்படை எண்கள் பெரும்பாலும் மேற்கே, இரட்டைப்படை கிழக்கே கிடந்தது என் குற்றம் இல்லை. நடுவில் கிடக்கும் ஏழாம் எண்ணைக் கடக்கும் வழியாகக் கணக்கில் எடுக்க முடியாது, அது அகற்றப்படப் போகும் பொருள்.

ஒன்றிலிருந்து இரண்டுக்கு மெயின் ரோட்டுப் பாலம் சுற்றிப் போனோம். அரை மணி. இரண்டிலிருந்து மூன்றுக்குத் திரும்பி வந்தோம். அரை மணி. பகல் பன்னிரண்டு. விஜயபாண்டி தோல் ஷூ போட்டிருந்தார். நாலாம் எண்ணில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார். ஐந்தாம் எண்ணில் ஷூவைக் கழற்றி உள்ளே கிடந்த கல்லைத் தட்டினார். ஆறைப் பார்த்துவிட்டு ஏழாம் எண்ணுக்கு வந்தபோது மணி இரண்டரை. எட்டாம் எண் எதிர்க்கரையில் கண்ணுக்கு நேரே தெரிந்தது. அந்தச் சோபாவில் ஒரு நாய் படுத்திருந்தது.

“பாலம் சுத்திப் போகணும் சார்” என்றேன்.

அவர் சோபாவைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தடை எண் ஏழின் மேல் ஏறி நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். நாய் எழுந்து இடம் கொடுத்தது. உட்கார்ந்தார்.

நானும் போனேன்.

“இத மாசாமாசம் ரெண்டு கரையிலயும் ஆய்வு செய்யணும்னு பராமரிப்பு அத்தியாயத்துல போட்டிருக்கோம்ல?” என்றார்.

“ஆமா சார். வருஷத்துக்குப் பன்னண்டு தடவ.”

“யாரு செய்யணும்?”

“திட்ட அலுவலர் சார்.”

கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே சொன்னார். “இந்த எடத்துல ஒரு ஆய்வு நடைமேடை போடு. கரைக்குக் கரை. வேலியில ரெண்டு பக்கமும் கேட்டு.” பிறகு கண்ணைத் திறந்தார். “பொதுமக்களுக்கு இல்லன்னு எழுதிரு. பூட்டு போட்டுரு. நிராகரிச்சத நம்மளே குடுத்த மாதிரி ஆயிரக் கூடாது.”

“சாவி யார்கிட்ட சார் இருக்கணும்?”

“அம்பது மீட்டருக்குள்ள குடியிருக்குற பொறுப்பான ஆளா பாத்து நீயே போட்டுக்க.” கற்பகம் என்ற பெயரை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வரைபடத்தில் நடைமேடையைப் போட்டேன். சாவி வைத்திருப்பவர்: பொன்னுமணி, மேற்குக்கரை. அதோடு அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: ஆய்வு நடைமேடை கட்டி முடிக்கப்படும்வரை தடை எண் 7 அகற்றப்படக் கூடாது. நூற்று எண்பத்தாறு பக்கத்தில் அடிக்குறிப்புவரை படிக்கும் தெம்பு யாருக்கும் இருக்காது என்று நம்பினேன். நம்பிக்கை வீண்போகவில்லை. அறிக்கை அப்படியே ஒப்புதலாகி வந்தது.

டெண்டர் இன்னும் விடவில்லை. ஆனால் பூட்டு வந்துவிட்டது. கட்டுமானத்துக்குத்தான் டெண்டர். பூட்டு சில்லறைக் கொள்முதல், உடனே வாங்கலாம். இரண்டு பித்தளைப் பூட்டுகள், ஒரே சாவி. என் ஒப்பந்தம் முடிவதற்கு முதல் நாள் சாவியையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு காலை ஐந்து மணிக்கு ஓடைக்கரைக்குப் போனேன். அந்த நேரத்தில்தான் அவள் இருப்பாள்.

சந்துமுனையில் தூக்குச்சட்டியோடு வந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தைச் செல்போன் வெளிச்சத்தில் காட்டினேன். பேனாவை வைத்தவள் நிறுத்தினாள்.

“எந்தப் பேரு?”

“ஒங்க பேரு.”

மெதுவாக எழுதினாள். எழுதியதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். “எட்டு மாசத்துக்கு மேலாச்சு இத எழுதி” என்றாள். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பூட்டு எங்க இருக்கு?” என்றாள்.

“ஆபீஸ்ல.”

“கேட்டு?”

“வரும்.”

“எப்ப?”

எனக்குத் தெரியாது என்றேன். ஆறு மாதத்தில் இரண்டாவது முறையாக அவளிடம் உண்மை சொன்னேன்.

எதிர்க்கரையில் சாதிக் ஹாரன் அடித்தான். அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, தூக்குச்சட்டியை இடக்கைக்கு மாற்றி, போஸ்ட்டின் மேல் நடந்தாள். நடுவில் போனதும் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“அதுவரைக்கும் இத யாரும் எடுக்க வந்தா என்ன சொல்ல?”

“அடிக்குறிப்பு இருக்குன்னு சொல்லுங்க” என்றேன்.

அது என்னவென்று அவள் கேட்கவில்லை. ஐந்து பதினான்கு. அந்தப் பக்கம் கன்னையன் நோட்டை விரித்து வாசிக்கத் தொடங்கியிருந்தார். கற்பகம் என்றார். இருக்கேன் என்ற சத்தம் கேட்டது. ஜீப்பு கிளம்பியது.